பதில்: யாடிஃப் இன்னும் எதற்கு, நீக்கிவிடலாமே?

பழைய பால் (PAL என்ற டிவி முறை) வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றும் ஸ்கிரிப்டில் யாடிஃப்பை (yadif) எடுத்துவிட்டு புதிய ஃபில்டரான பிடபிள்யூடிஃப் (bwdif) போட்டதும், நொடிக்கு 25 ஃப்ரேம் இருந்த வீடியோ 50 ஆகிவிட்டது என்கிறீர்கள். உங்கள் கோப்பில் கோளாறு இல்லை. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளில், ஃபீல்டு எனும் அரைப் படங்களாகப் பதிவான வீடியோவை முழு ஃப்ரேம்களாக்கும் ஃபில்டர்கள் இவை. இரண்டுக்கும் ஒரே ஆப்ஷன்கள்தான், ஆனால் மோட் (mode) என்ற ஆப்ஷனின் இயல்பு மதிப்பு, அதாவது நாம் எதுவும் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு, வேறு. யாடிஃப் இரண்டு ஃபீல்டுக்கு ஒரு ஃப்ரேம் தரும். பிடபிள்யூடிஃப் ஒவ்வொரு ஃபீல்டையும் தனி ஃப்ரேமாக்கும். பிடபிள்யூடிஃப்புக்கு மோட் மதிப்பை 0 என்று கொடுங்கள், பழையபடி 25 வந்துவிடும். ஆனால் ஓட்டம், நடனம் மாதிரி அசைவு நிறைய இருந்தால் 50-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். கேமரா பதிந்த அசைவு முழுக்க அதில்தான் இருக்கிறது.

அப்புறம், 'புதியது நன்றாக இருக்கும்போது பழையது எதற்கு' என்ற கேள்வி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நீங்கள் ஸ்கிரிப்டைத் திறந்து மாற்றினீர்கள், அதனால் வித்தியாசத்தைக் கவனித்தீர்கள். யாடிஃப்பை நீக்கினால் எத்தனையோ பேரின் ஸ்கிரிப்ட் நின்றுபோகும். பெயரை மட்டும் புதியதற்குத் திருப்பிவிட்டால் இன்னும் மோசம்: பிழைச்செய்தியே வராமல் ஃப்ரேம் எண்ணிக்கை மாறும். யாடிஃப் இருக்கட்டும். அதன் உதவிப் பக்கத்திலேயே 'புதிதாகத் தொடங்குபவர்கள் பிடபிள்யூடிஃப்பைப் பாருங்கள், இயல்பு மதிப்பு வேறு' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.