சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட்ட பிறகு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) தானாக எழும்பி வருகிறது, வால்வ் கவரில் ஆயில் கசிகிறது. கேட்ச் கேன் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. கேட்ச் கேன் ஆயிலைத்தான் பிடிக்கும், அழுத்தத்தைக் குறைக்காது. டிப்ஸ்டிக் எழும்புகிறது என்றால் கிராங்க்கேஸில் (பிஸ்டன்களுக்குக் கீழே உள்ள எஞ்சின் பகுதி) அழுத்தம் தேங்குகிறது. முதலில் பிசிவி வால்வை (கிராங்க்கேஸிலிருந்து கேஸை வெளியேற்றும் வால்வ்) பாருங்கள்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் கேஸ் கீழே இறங்குவது எல்லா எஞ்சினிலும் உண்டு. சாதா ஓட்டத்தில் இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) வெற்றிடம் பிசிவி வழியாக அதை இழுத்துக்கொள்ளும். பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றழுத்தம்) ஏறினால் அதே மேனிஃபோல்டில் அழுத்தம். அப்போது வால்வ் இறுக மூடாவிட்டால் பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அங்கே 1 பிஎஸ்ஐ ஏறினாலே அதிகம். ஆயில் சீல்கள் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

வால்வைக் கழற்றி, மேனிஃபோல்ட் பக்க முனையில் ஒரு துண்டு ஹோஸை மாட்டி ஊதுங்கள். துளிக் காற்றும் போகக் கூடாது. மறுமுனையில் ஊதினால் போக வேண்டும். குலுக்கினால் கடகடக்கிறது என்பதை நம்பிவிடாதீர்கள். உள்ளே சிக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம், இறுக மூடுகிறது என்றல்ல. கசிந்தால் டர்போ எஞ்சினுக்கான பிசிவி போடுங்கள், அல்லது அம்புக்குறி மேனிஃபோல்டைப் பார்க்கும்படி ஒரு ஒன்வே வால்வை லைனில் சேருங்கள். த்ராட்டில் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மடல்) பிளோயருக்கு, அதாவது சூப்பர்சார்ஜருக்கு, முன்னால் இருக்கும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரில் பிசிவி லைனை அந்த இரண்டுக்கும் நடுவில் கொடுத்தால் பூஸ்ட் அதைத் தொடவே தொடாது.

பிசிவி மூடியபின் கேஸ் எங்கே போகும்? பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். வால்வ் கவர் பிரீதரிலிருந்து (கேஸ் வெளியேறும் வாய்) ஏர் ஃபில்டருக்கும் பிளோயருக்கும் இடையே, மாஸ் ஏர்ஃப்ளோ சென்சருக்குப் பிறகு, 16 முதல் 19 மி.மீ. உள்விட்டம் உள்ள ஹோஸ் போக வேண்டும். ஆயில் தாங்கும் ஹோஸாக இருக்கட்டும். கூலன்ட் ஹோஸ் ஆயிலில் ஊறி, உப்பி, உள்ளே அடைத்துக்கொள்ளும். தடுப்புத் தகடு உள்ள கேட்ச் கேனை இந்த லைனிலும் போடுங்கள். பூஸ்டில் ஆயில் ஆவி இந்த வழியாகத்தான் பிளோயருக்குப் போகும், அது எரிபொருளோடு கலந்தால் நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிப்பது) சீக்கிரம் வரும். பிரீதரில் சின்ன ஃபில்டர் மட்டும் மாட்டி விட்டுவிட்டால், பிசிவி இன்னும் மேனிஃபோல்டோடு இணைந்திருக்கும் வண்டியில் சென்சர் அளக்காத காற்று உள்ளே வந்து கலவை மெலியும் (எரிபொருள் விகிதம் குறையும்).

இவ்வளவுக்குப் பிறகும் டிப்ஸ்டிக் எழும்பினால் லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். ஒரு சிலிண்டரில் 20 சதவீதத்துக்கு மேல் கசிந்து, ஆயில் ஊற்றும் வாயில் காது வைத்தால் ‘உஸ்’ என்று கேட்டால், ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கிறது. எஞ்சினைப் பிரிக்காமல் எந்த ஹோஸும் அதைச் சரிசெய்யாது.