கன்டெய்னர் லாரி ஓடுற ரோட்டுல தினமும் பைக்ல வேலைக்குப் போறது அவ்வளவு ஆபத்தா?

கேள்வி: "திருவொற்றியூரில் வீடு, மணலியில் வேலை கிடைத்திருக்கிறது. பைக்கில் போய்வருகிறேன் என்றால் வீட்டில் பயப்படுகிறார்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் தினமும் பைக் ஓட்டுவது உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?"

ஆபத்துதான் தம்பி. தங்கச்சியா இருந்தா கோவிச்சுக்காதம்மா, கேட்ட தோரணையைப் பாத்து தம்பின்னு நினைச்சுக்கிட்டேன். முதல் வேலையா இருக்கும், பைக்கும் புதுசா இருக்கும், அம்மா சாமி படத்துக்கு முன்னாடி நின்னு புலம்பிக்கிட்டு இருப்பாங்க. அவங்க பயப்படறதுல தப்பில்லை. ஆனா எதுக்குப் பயப்படணும்ங்கறதுதான் நிறையப் பேருக்குத் தெரியறதில்லை.

நான் ட்ரெய்லர் டிரைவர். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆள் லாரியில இருப்பான், இல்லைன்னா லாரிக்கு பாடி கட்டுற பட்டறையில இருப்பான். முட்டை லோடுல ஆரம்பிச்சு, அப்புறம் மெட்ராஸ் வந்து கன்டெய்னர்ல ஏறினேன். மாதவரம், மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி, பொன்னேரி ரோடு எல்லாம் தண்ணி பட்ட பாடு. இடுப்பு ஒத்துழைக்காததால இப்ப ஓட்டறதில்லை. மாதவரத்துல டயர் கடை வெச்சிருக்கேன்.

இந்தக் கேள்விக்கு எனக்கு முன்னாடி பதில் போட்ட ஒருத்தர், "ஹெல்மெட்டை மாட்டு, கடவுளைக் கும்பிடு, லாரிக்காரன் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வருவான்"னு எழுதியிருக்காரு. நூத்துக்கணக்குல ஆதரவு வேற. அதைப் படிச்சதுலதான் கடையை மூடிட்டு எழுத உக்காந்தேன். ஐயா, நாங்க கண்ணை நல்லா திறந்து வெச்சுக்கிட்டுத்தான் வர்றோம். அப்பவும் உங்களைத் தெரியறதில்லை.

எங்க அக்கா பையன் போன தீபாவளிக்கு 150 சிசி பைக் ஒண்ணு வாங்கினான். வாங்கின கையோட எங்கிட்ட காட்டறதுக்கு மாதவரத்துக்கு வந்தான். நண்பர் ஒருத்தரோட ட்ரெய்லர் டயர் மாத்த வந்து கடை வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துது. ட்ரெய்லரை இழுக்கற, டிரைவர் உக்கார்ற முன்வண்டியை நாங்க ஹார்ஸ்னு சொல்லுவோம். "மாப்ள, பைக்கைக் கொண்டு போய் அந்த ஹார்ஸோட இடது கதவை ஒட்டி, கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்து"ன்னேன். நிறுத்தினான். "இப்ப மேல ஏறி டிரைவர் சீட்டுல உக்காரு." ஏறி உக்காந்தான். நம்ம ஊர்ல ஸ்டீயரிங் வலது பக்கம், தெரியுமில்ல? அங்க இருந்து இடது கதவு ஒரு ஆள் நீளத்துக்கு மேல தள்ளி இருக்கு. சீட்டோ ரோட்டுல நிக்கறவன் தலைக்கும் மேல இருக்கு. இடது கண்ணாடியைப் பாத்தான், பின்னாடி டயரும் ரோட்டு ஓரமும் தெரிஞ்சுது. முன் கண்ணாடி வழியா பாத்தான், எதிர்ல புளியமரம் தெரிஞ்சுது. எக்கி எக்கிப் பாத்துட்டுக் கேக்கறான், "மாமா, என் வண்டியை யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

வண்டி அங்கயேதான் நிக்குது. ஒன்றரை லட்ச ரூபாய் வண்டி, சிவப்புக் கலர், உச்சி வெயில்ல பளபளன்னு நிக்குது. சீட்டுல இருந்து பாத்தா இல்லவே இல்லை. சில வண்டியில இடது கதவுக்கு மேல கீழ்நோக்கி ஒரு குண்டுக் கண்ணாடி இருக்கும், அதுல கொஞ்சம் தெரியும். அது எத்தனை வண்டியில உடையாம இருக்குன்னு என்னைக் கேக்காதீங்க.

நிக்கற வண்டிக்கே இந்தக் கதி. திரும்பற வண்டியை இப்ப யோசிச்சுப் பாருங்க.

நாப்பதடி பாக்ஸ், அதாவது கன்டெய்னர், ஏத்தின ட்ரெய்லர், ஹார்ஸையும் சேர்த்தா அம்பதடிக்கு மேல நீளம். இடது பக்கம் திரும்பணும்னா அது முதல்ல வலது பக்கம் ஒதுங்கும். ஒதுங்காம அப்படியே ஒடிச்சா பின்சக்கரம் முக்குல இருக்கற டீக்கடைக்குள்ள போயிடும். முன்னாடி ஹார்ஸ் போற தடத்துலயே பின்சக்கரங்க வராது, உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். நீளம் கூடக் கூட வெட்டு அதிகம். ஒதுங்கற அந்த நேரத்துல இடது பக்கம் ஒரு கார் போற அளவுக்கு இடம் கிடைக்கும். பின்னாடி வர்ற டூ வீலர்காரர் என்ன நினைக்கறாரு? "லாரி வலது பக்கம் போகுது, நாம இடதுல பூந்து போயிடலாம்." பூந்துடறாரு. ஹார்ஸ் இடது பக்கம் ஒடியுது. ஒடிஞ்சதும் டிரைவரோட இடது கண்ணாடி பூரா பாக்ஸோட தகரம்தான். இந்தப் பக்கம் லாரி, அந்தப் பக்கம் பிளாட்பாரம். இடம் சுருங்கிக்கிட்டே வரும், முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் வர முடியாது.

எனக்கே நடந்துது. மணலி எம்.எஃப்.எல். உரக் கம்பெனி பக்கம், சாயங்கால நேரம். இண்டிகேட்டர் போட்டு, வலது ஒதுங்கி, நடக்கற வேகத்துல இடது ஒடிச்சுக்கிட்டு இருக்கேன். கிளீனர் பையன் இடது ஜன்னல்ல தலையை வெளிய நீட்டிப் பாத்துக்கிட்டே வந்தவன், திடீர்னு கதவைப் படபடன்னு அறைஞ்சான். அப்படி அறைஞ்சா என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது, பிரேக்கை மிதிக்கணும். மிதிச்சேன். காத்து பிரேக் புஸ்ஸுன்னு இறங்கி வண்டி நின்னுது.

இறங்கி சுத்தி வந்து பாத்தா, ட்ரெய்லரோட நடு ஆக்சில் டயருக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல ஒரு ஸ்கூட்டர். ஓட்டறவர் ஹெல்மெட்டை முழங்கையில மாட்டியிருக்காரு. முன்னாடி நிக்க வெச்சிருக்கற பையனுக்கு அஞ்சாறு வயசு இருக்கும், முதுகுல ஸ்கூல் பை. பின்னாடி அந்தம்மா. ஸ்கூட்டரோட வலது கண்ணாடி டயர்ல தேய்ஞ்சு உள்ளே மடங்கிக் கிடக்கு. பையனோட பையில ரப்பர் கறுப்பு ஒரு கோடா ஒட்டியிருக்கு. பையன் அழலை. டயர்ல இருக்கற நட்டை ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு நின்னான்.

அப்புறம் நடந்ததுதான் எப்பவும் நடக்கறது. அவர் வந்து என் சட்டையைப் பிடிச்சாரு. பின்னாடி வந்த ரெண்டு பைக்காரங்க எதுவும் பாக்கலை, ஆனாலும் இறங்கி வந்து கை ஓங்கினாங்க. ஒருத்தன் கேபின்ல ஏறி சாவியை உருவிக்கிட்டான். முக்குல பூ கட்டிக்கிட்டு இருந்த ஆயாதான் எழுந்து வந்து, "இன்னா நைனா, அந்தாளு லைட்டு போட்டுத்தானே திரும்பினாரு, நீ புள்ளைய வெச்சுக்கினு சந்துல பூந்துட்டு அவரை அடிக்கிற?"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. அதோட கூட்டம் கலைஞ்சுது. அந்தம்மா ஒரு வார்த்தை பேசலை. பையனை இறக்கிக் கையைப் பிடிச்சுக்கிட்டு, நடந்தே போனாங்க. அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டுப் பின்னாடி போனாரு.

உடனே சில பேர் கிளம்பி வருவீங்க, "அப்போ லாரி டிரைவர்லாம் உத்தமனா?"ன்னு. நான் அப்படிச் சொல்லவே இல்லை. எங்க ஆளுங்க பண்ற அநியாயம் எனக்குத் தெரியாததா? ராத்திரியில பின்னாடி சிவப்பு விளக்கு எரியாம, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் சேத்துல மறைஞ்சுபோய், ரோட்டுல பாதியை அடைச்சு நிறுத்திட்டுத் தூங்கறவனை நானே எழுப்பித் திட்டியிருக்கேன். பிரேக் டவுன் ஆனா பின்னாடி கல்லும் மரக்கிளையும் போட்டு வெப்போம். ரிப்பேர் முடிஞ்சதும் கிளம்பிடுவானுங்க, கல்லு ரோட்டுலயே கிடக்கும். இருட்டுல ஒரு பைக் அதுல ஏறினா என்ன ஆகும்? ட்ரெய்லருக்குப் பக்கவாட்டுல தடுப்புக் கம்பி இருக்கணும், கீழ விழறவன் சக்கரத்துக்குள்ள போகாம இருக்கத்தான் அது. கம்பி வளைஞ்சு ஒடிஞ்சா திருப்பி மாட்ட முதலாளிக்கு மனசு வராது. இதையெல்லாம் மறைச்சுப் பேசலை. லாரி திருந்தற வரைக்கும் நீங்க காத்திருக்க முடியாது, திங்கக்கிழமை வேலைக்குப் போகணும், அதனால சொல்றேன்.

கணக்கு வேணும்னு கேக்கறவங்களுக்கு: 2022-ல இந்தியா முழுக்க சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை சொல்லுது. அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூ வீலர்ல போனவங்க. ஹெல்மெட் போடாம செத்தவங்க மட்டும் 50,029. அந்த வருஷம் அதிக விபத்து நடந்த மாநிலம் நம்ம தமிழ்நாடுதான், 64,105. சாவு எண்ணிக்கையில உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து நாம. இதுல லாரிக்காரன் தப்பு எவ்வளவு, பைக்காரன் தப்பு எவ்வளவுன்னு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஆனா ஒண்ணு கேக்கறேன். துறைமுகத்துக்கு வெளிய கன்டெய்னர் வரிசையில நின்னிருக்கீங்களா யாராவது? சரக்கு இறக்கறதுக்கு ராத்திரி போய் நின்னா மறுநாள் மத்தியானம்தான் உள்ள விடுவாங்க. முன்னாடி வண்டி பத்தடி நகந்தா நாமளும் நகரணும், இல்லைன்னா குறுக்க ஒருத்தன் நுழைஞ்சுடுவான். தூங்க முடியாது. கக்கூஸ் கிடையாது, குடிக்கத் தண்ணி கிடையாது. ஒரு பரோட்டா வாங்கணும்னாலும் வண்டியை விட்டு இறங்க பயம், பேட்டரியையும் டீசலையும் திருடிட்டுப் போயிடுவான். அப்படிக் கண்ணு எரிய எரிய விடிய வெச்சவன்தான் காலையில உங்க பக்கத்துல வர்றான். அவனுக்குத் தண்டனை பத்து வருஷம்னு 2023-ல சட்டம் போட்டாங்க, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 106(2). கவனமில்லாம ஓட்டி ஆள் சாகற மாதிரி இடிச்சுட்டு போலீசுக்குச் சொல்லாம ஓடிப்போனா பத்து வருஷம் வரைக்கும் ஜெயில். 2024 ஜனவரியில நாடு பூரா வண்டியை நிறுத்தினப்புறம்தான், லாரி சங்கத்தோட கலந்து பேசாம அமல்படுத்த மாட்டோம்னு சொன்னாங்க. ஜூலையில மத்தப் பிரிவெல்லாம் வந்தப்பவும் அதை மட்டும் நிறுத்தி வெச்சாங்க. ஓடறது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா எம்.எஃப்.எல். கிட்ட அந்த ஆயா இல்லாம இருந்து, அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தா, நின்னு பதில் சொல்ல என்னை உசுரோட விட்டிருப்பாங்களா? இதுல இன்னொரு வேடிக்கை, 2025 அக்டோபருக்கு அப்புறம் தயாராகற லாரிக்கெல்லாம் கேபின்ல ஏ.சி. கட்டாயமாம். நான் இறங்கினப்புறம்!

கேள்வியை விட்டு எங்கயோ போயிட்டேன். சரி தம்பி, உங்க விஷயத்துக்கு வர்றேன்.

லாரியோட பக்கக் கண்ணாடியில டிரைவர் மூஞ்சி உங்களுக்குத் தெரியலைன்னா, அவனுக்கு நீங்க தெரியலை. இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டாலே பாதி பொழைச்சுக்கலாம். சந்திப்புல ட்ரெய்லர் வலது ஒதுங்குதுன்னா பின்னாடியே நில்லுங்க, அது முழுசா திரும்பி முடிக்கட்டும். பின்னாடி நிக்கறவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். வரிசையில நிக்கற ரெண்டு லாரிக்கு நடுவுல குறுக்கால புகுந்து ரோட்டைக் கடக்காதீங்க, முன்னாடி வண்டி பின்னாடி உருளும், பின்னாடி வண்டி முன்னாடி நகரும். பம்பரை ஒட்டி முன்னாடி போய் நிக்கறதும் வேண்டாம். அங்கயும் நீங்க எங்க கண்ணுக்கு இல்லை.

லோடு லாரி நினைச்ச இடத்துல நிக்காது. முப்பது டன் பாக்ஸை வெச்சுக்கிட்டு திடீர்னு அழுத்தினா ஹார்ஸும் ட்ரெய்லரும் கத்திரிக்கோல் மாதிரி மடங்கிடும். அதனால குறுக்க வெட்டிப் போயிட்டு "அவன் பிரேக் போடுவான்"னு நம்பாதீங்க. பின்னாடி ஒட்டிக்கிட்டும் வராதீங்க. லாரி சக்கரம் ரெண்டு பக்கமும் தாண்டிப் போற பள்ளம் உங்களுக்கு நேரா வரும், வர்றது முன்கூட்டித் தெரியாது.

அப்புறம் முதல் மழை. மணலி ரோட்டுல சிந்தின ஆயிலும் சிமெண்ட்டுத் தூசியும் முதல் மழைக்குக் குழம்பா ஆயிடும், அன்னைக்கு பஸ்ல போங்க. உங்க பைக் 125 சிசிக்கு மேலன்னா முன்சக்கரத்துக்காவது ஏ.பி.எஸ். இருக்கும், பிரேக் பிடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது. மணல்ல அதுவும் ஒண்ணும் பண்ணாது. ஹெல்மெட் பட்டையை இழுத்து மாட்டுங்க. சும்மா தலையில கவுத்து வெச்சா விழறதுக்கு முன்னாடி அது விழுந்துடும்.

யாராவது விழுந்து கிடந்தா நின்னு 108-க்கு அடிங்க. போலீசு கேஸுன்னு உங்களை இழுக்க முடியாது, உதவி செய்யறவங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏ-ன்னு பாதுகாப்பு இருக்கு. முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரைக்கும் நம்ம அரசு 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல ஏத்துக்குது, 2021 டிசம்பர்ல இருந்து.

ஷிப்ட் எத்தனை மணிக்குன்னு நீங்க எழுதலை. காலை ஆறு மணி ஷிப்டுன்னா ராத்திரி பூரா முழிச்சவனுங்க கிளம்பற நேரம் அது, வேற வழி பாக்கணும். ஜெனரல் ஷிப்டுன்னா வேற மாதிரி. கீழ சொல்லுங்க, எந்த முக்குல எந்தப் பக்கம் நிக்கணும்னு வரிசையா எழுதறேன்.