முடி மாற்றுச் சிகிச்சைக்கு லோன் எடுக்கலாமா?

கேள்வி: வயது 29. அப்பாவைப் போலவே எனக்கும் முன்நெற்றி ஏறுகிறது. 3 மாதம் மினாக்ஸிடில் (தலையில் தடவும் முடி வளர்ச்சி மருந்து) போட்டேன். முடி இன்னும் அதிகமாகக் கொட்டவே, அதை விட்டுவிட்டேன். அடுத்து பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைத் தலையில் ஊசியாகப் போடுவது) பேக்கேஜ், தவணையில். 5 தவணை பாக்கி. இப்போது முடி மாற்று அறுவைக்கு பெர்சனல் லோன் எடுக்கச் சொல்லி அக்கா வற்புறுத்துகிறார். "ஒரே செலவோடு முடிஞ்சிடும் தம்பி" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஒரு சிகிச்சை பலன் காட்டுவதற்குள் அடுத்ததைத் தவணையில் வாங்கிவிடுகிறீர்கள். பணம் கரைவது அதில்தான்.

மினாக்ஸிடில் போடத் தொடங்கியதும் முதல் சில வாரங்கள் முடி கூடுதலாகக் கொட்டலாம். ஓய்வுக் கட்டத்தில் இருந்த முடி விழுந்து புதிய சுழற்சி தொடங்குவதால் வருவது அது. பலன் தெரிய 4 முதல் 6 மாதம், தீர்ப்புச் சொல்ல ஒரு வருடம். நீங்கள் பாதியில் எழுந்துவிட்டீர்கள்.

அக்கா அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் கணக்கு தவறு. பின்னந்தலையிலிருந்து எடுத்து நட்ட முடி பெரும்பாலும் நிலைக்கும். சுற்றியுள்ள பழைய முடி தொடர்ந்து மெலியும். அதைக் காக்க அறுவைக்குப் பிறகும் மருந்து வேண்டும். மருந்தில்லாமல் இந்த வயதில் நட்டால், முன்வரிசை மட்டும் தனியே நிற்க, அதன் பின்னால் வழுக்கை விழலாம். பிறகு இரண்டாவது அறுவை, இரண்டாவது லோன். பின்னந்தலை முடியோ அள்ள அள்ளக் குறையாதது அல்ல.

100 ரூபாய் கடன் வாங்கினால், 15 சதவீத ஆண்டு வட்டியில் 24 மாதத்துக்கு மாதத் தவணை சுமார் 4.85 ரூபாய், கட்டி முடிக்கும்போது மொத்தம் 116. மருந்துச் செலவு தனி. பிஆர்பி பாக்கி தீர்ந்ததும் அதே 4.85-ஐ மாதாமாதம் ஒதுக்குங்கள். மருந்துக்கு 1 போனாலும் 12 மாதத்தில் 46 கையில் நிற்கும், வட்டியில்லாமல்.

பிஆர்பி பேக்கேஜை நீட்டிக்காதீர்கள். ரத்தத்தைப் பிரிக்கும் முறையே கிளினிக்குக்குக் கிளினிக் மாறுகிறது, முதல் சுற்றோடு ஊசியும் நிற்பதில்லை. பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மிட்டாய்களும் வேண்டாம்: குறைபாடு இருந்தால்தான் உதவும், தைராய்டு பரிசோதனை முடிவைக்கூடக் குழப்பும்.

தோல் மருத்துவரிடம் போய் 5 சதவீத மினாக்ஸிடிலுடன் தினம் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு மாத்திரை உங்களுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். ஃபினாஸ்டரைடால் சிலருக்குப் பாலுணர்வு குறையலாம், மனச்சோர்வு வரலாம். அதைப் பேசிவிட்டே தொடங்குங்கள். நிறுத்தினால் கிடைத்த பலன் மாதங்களில் போய்விடும், ஆகவே இதை மாத பட்ஜெட்டில் நிரந்தரமாக எழுதுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில் உச்சந்தலையைப் படமெடுங்கள். 12 படம் சேர்ந்த பிறகு, எத்தனை கிராஃப்ட் (எடுத்து நடும் முடிக்கொத்து) தேவை என்று அறுவை மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.