40,000 கையெழுத்து எங்கே போயிற்று?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தனியார் இணைய மனு தளம் ஒன்றில் எங்கள் கோரிக்கைக்கு இரண்டே வாரத்தில் 40,000 பேர் கையெழுத்திட்டார்கள். மூன்று மாதமாகியும் அரசிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. இணையத்தால் குடிமக்களின் குரல் மேலே போய்ச் சேரும் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுடையது ஏன் சேரவில்லை?

ச.

அன்புள்ள ச.,

கையெழுத்தில் குறையில்லை. அதை வாங்கிப் பதிந்து பதில் சொல்ல வேண்டிய கடமை எந்த மேசைக்கும் இல்லை என்பதுதான் சிக்கல். தனியார் தளத்தில் எண்ணிக்கை எவ்வளவு ஏறினாலும், அதிகாரியின் பார்வையில் அது இன்னொரு மின்னஞ்சல்தான்.

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனு தளத்தில் அந்தக் கடமை உண்டு. 10,000 பேர் ஒப்பமிட்டால் அரசு பதில் தரும்; 1,00,000 ஆனால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகக் கூடாது என்று 2019இல் வந்த மனுவுக்கு 60 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தும், ஏப்ரல் 1 அன்று விவாதித்ததோடு சரி. அரசு அசையவில்லை.

பின்லாந்தில் நடந்தது வேறு. அங்கே ஆறு மாதத்தில் 50,000 பேர் ஆதரித்தால் முன்மொழிவை நாடாளுமன்றம் கையில் எடுத்தே ஆக வேண்டும். ஒருபால் திருமணத்துக்கான முன்மொழிவுக்கு 2013இல் 1,66,000க்கும் மேற்பட்டோர் ஆதரவு தந்தார்கள். சட்டக் குழு நிராகரிக்கச் சொன்னது. 2014 நவம்பரில் நாடாளுமன்றம் அதை மீறி 105க்கு 92 என்று ஏற்றது. 2017 மார்ச் 1 முதல் அது சட்டம். வந்து சேர்ந்தது வெறும் கோரிக்கையல்ல, வாக்கெடுப்புக்கு விடக்கூடிய சட்ட வரைவு.

இன்னொன்று, ஆள் அடையாளம். பின்லாந்தில் இணையத்தில் ஒப்பமிட வங்கிக் கணக்கின் கடவுச்சொல் போன்ற வலுவான சான்று கேட்பார்கள். தொல்லைதான், ஆனால் அந்தப் பட்டியலை யாரும் போலி என்று தள்ள முடியாது. பிரிட்டனில் மின்னஞ்சலும் அஞ்சல் குறியீடும் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றி 2016இல் மறுவாக்கெடுப்பு கேட்ட மனுவிலிருந்து சுமார் 77,000 கையெழுத்தை மோசடி என்று நீக்க வேண்டியிருந்தது. 40 லட்சத்தில் அது சொற்பம். எதிர்த்தரப்பு பேச அது போதும்.

அடுத்த முறை, மனு எழுதும் முன்பே முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று பாருங்கள். மாநகராட்சி வேலையை நாடாளுமன்றத்திடம் கேட்டால் தளமே திருப்பி அனுப்பிவிடும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை போதும். மூன்றைச் சேர்த்தால், எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லி மற்ற இரண்டையும் விழுங்கிவிடுவார்கள். முதல் நாளில் வேகம் பிடிக்காத மனு பெரும்பாலும் தேறாது. ஆகவே பகிரப்போகிறவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டு வெளியிடுங்கள்.

கையெழுத்துகளைத் தொகுதிவாரியாகப் பிரிக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிட்டன் தளம் அதைத் தானே காட்டுகிறது. ஓர் உறுப்பினரை உறுத்துவது நாடு முழுவதும் விழுந்த லட்சங்களைவிடத் தன் தொகுதியின் 800தான்.

இப்போதிருக்கும் 40,000 வீணல்ல. கையெழுத்திட்டவர்களுக்குச் செய்தி அனுப்பும் வசதியைப் பல தளங்கள் தருகின்றன. அவரவர் தொகுதி உறுப்பினருக்கு எழுதச் சொல்லுங்கள், ஆனால் மாதிரிக் கடிதம் தராதீர்கள். ஒரே வாசகத்தில் 500 வந்தால் அலுவலகம் ஒன்றாகக் கட்டி ஒரே பதிலில் முடித்துவிடும். தனக்கு நேர்ந்ததைத் தன் சொல்லில் எழுதிய 20 கடிதத்தைத் தனித்தனியாகத்தான் படித்தாக வேண்டும்.