சிறையிலிருந்து வெளியே வருபவருக்குப் பணப் பாடம்: முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். விடுதலைக்குக் காத்திருக்கும் சிறைவாசிகளுக்குப் பண நிர்வாகம் சொல்லித்தரத் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். வரவு செலவுத் திட்டம், சேமிப்பு, கூட்டு வட்டி என்று பாடம் தயாரித்துக்கொண்டு போனேன். பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. "சார், இதெல்லாம் காசு இருக்கிறவங்களுக்கு" என்று ஒருவர் நேராகவே சொல்லிவிட்டார். எட்டு வகுப்புகள்தான் கிடைக்கும். எதிலிருந்து தொடங்குவது? வெளியே போனபிறகு யாராவது என்னிடமே கடன் கேட்டால் என்ன செய்வது?

பதில்: அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் கொண்டுபோன பாடம், மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கானது. உங்கள் மாணவர் வாசலைத் தாண்டும் நாளில் அவருக்கு வேலை இருக்காது. தங்க இடம்கூட உறுதியாகியிருக்காது. பாடத்தின் வரிசையை அப்படியே புரட்டிப்போடுங்கள். வெளியே வருகிற நாள், அடுத்து முதல் வாரம், பிறகு முதல் மாதம். கூட்டு வட்டி கடைசி வகுப்புக்குப் போகட்டும். நேரம் போதாவிட்டால் அதை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இவர்கள் பணம் தெரியாதவர்கள் இல்லை. சிறை கேன்டீன் கணக்கில் இருக்கும் சொற்பத் தொகையை சோப்பு, தொலைபேசி அழைப்பு, தின்பண்டம் என்று பிரித்து மாதத்தை ஓட்டுகிறவர்கள். அந்தத் திறமையை வகுப்பில் வாய்விட்டுப் பாராட்டி, அங்கிருந்தே தொடங்குங்கள். உள்ளே செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது, வாங்கக்கூடிய பொருட்களும் கொஞ்சம்தான். வெளியே இரண்டும் கிடையாது. அங்கேதான் தடுமாறுவார்கள்.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுங்கள். ஏழு கட்டம், ஏழு நாள். தாளின் தலையில், வெளியே வரும்போது கையில் இருக்கும் தொகையை அவரே எழுதட்டும். உள்ளே செய்த வேலையின் கூலியில் மீதி எவ்வளவு என்று பலருக்குத் தெரியாது. அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முதல் வீட்டுப்பாடம். பிறகு கட்டம் கட்டமாக: ஊருக்கு வண்டிச் செலவு, அன்றிரவுச் சாப்பாடு, போனுக்கு ரீசார்ஜ், மருந்து, அதிகாரி முன் ஆஜராகப் போய்வரும் செலவு. மூன்றாம் நாளிலேயே தொகை தீர்ந்துவிட்டால் அதற்கு நீங்கள் தீர்வு சொல்லாதீர்கள். எதைத் தள்ளிப்போடலாம், யாரிடம் முன்கூட்டியே பேசிவைக்கலாம் என்று அவர்களே விவாதிக்கட்டும். எழுதப்படிக்கச் சிரமப்படுகிறவர்களும் இருப்பார்கள். யாரையும் எழுந்து வாசிக்கச் சொல்லாதீர்கள்; படம் போட்டாலும் போதும்.

அடுத்தது ஆவணங்கள். அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளமோ உதவித்தொகையோ வந்து சேராது. பழைய கணக்கு இருந்தாலும் நெடுநாள் பயன்படுத்தாததால் முடங்கியிருக்கலாம். உங்கள் வங்கி அனுபவம் முழுதாகப் பயன்படும் இடம் இது. விண்ணப்பங்களை உள்ளே இருக்கும்போதே நிரப்பவையுங்கள்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது கடனுக்கு. ஆளை அடைத்தாலும் கடன் நிற்பதில்லை: வட்டி ஏறும், அபராதம் சேரும், வாடகை பாக்கி நீதிமன்றம்வரை போயிருக்கும். குழந்தைக்கான ஜீவனாம்சம் பெரிய சுமை. அமெரிக்காவில் சிறையில் இருப்பதை வேண்டுமென்றே வேலையை விட்டதாகக் கருதக் கூடாது என்று 2016இல் கூட்டரசு விதி வந்தது. ஆனால் தொகையைக் குறைக்கக் கேட்டு மனுப் போடாமல் கழிந்த மாதங்களின் பாக்கியைப் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனாலும் உள்ளிருந்தே இன்றே கடிதம் எழுதுவது எங்கும் நல்லது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த கடன்களைப் பட்டியலிடட்டும். எதைக் கட்டாவிட்டால் மறுபடி நீதிமன்றம் ஏற வேண்டிவரும், எதைத் தவணையாக்கலாம் என்று பிரித்துக் காட்டுங்கள். சட்ட விஷயங்களை நீங்களே முடிவுசெய்யாமல், ஒரு வகுப்புக்கு இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரை அழைத்துவாருங்கள். சக சிறைவாசிகளிடம் வாங்கிய கடனும் இருக்கும். அதைத் துருவிக் கேட்காதீர்கள், சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகப் பாடங்களில் இல்லாதது குடும்பம். இத்தனை நாள் வக்கீல் கட்டணம், ஜாமீன் செலவு, சந்திப்புக்கு வந்துபோன பயணம் எல்லாம் சுமந்தவர்கள் அவர்கள். குற்றவுணர்ச்சியில், வந்த பணத்தை முதல் நாளே பிள்ளைகளுக்குத் துணிமணி, அண்ணனுக்குப் பழைய பாக்கி என்று கொடுத்துத் தீர்த்துவிடுவார்கள். அது பொறுப்பின்மை இல்லை, பாசம். அதனால் தடுக்காமல் பேசிப் பழக்குங்கள். ஒருவர் அண்ணனாக உட்காரட்டும். "எப்ப தருவ?" என்று அவர் கேட்க, மற்றவர், "வேலை கிடைச்ச முதல் சம்பளத்துல தொடங்கி மாசாமாசம் கொஞ்சம் தரேண்ணே, இப்போதைக்கு இதுதான் முடியும்" என்று குரல் உடையாமல் சொல்லிப் பார்க்கட்டும். கேட்க எளிதாகத் தோன்றும். சொல்லிப் பார்க்கும்போதுதான் கனம் தெரியும்.

பல ஆண்டு உள்ளே இருந்தவருக்குக் கைபேசிப் பணப்பரிமாற்றமே புதிது. ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது, உடனடிக் கடன் செயலிகள் பக்கம் போகக் கூடாது என்பதை வாயால் சொல்வதோடு விடாமல், போலிக் குறுஞ்செய்திகளை அச்சிட்டுக் காட்டுங்கள். விடுதலைப் பணத்தை அட்டையில் ஏற்றித் தரும் இடங்களில், அந்த அட்டைக்கு என்ன கட்டணம் என்று வாங்கும்போதே கேட்கப் பழக்குங்கள். அமெரிக்காவில் இத்தகைய அட்டை வழங்கிய ஜேபே நிறுவனத்தை, முறையற்ற கட்டணம் வசூலித்ததற்காக, நுகர்வோருக்கு 40 லட்சம் டாலரும் அபராதமாக 20 லட்சம் டாலரும் செலுத்தும்படி அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2021இல் உத்தரவிட்டது.

உங்களிடம் கடன் கேட்டால்? கொடுக்காதீர்கள். சொந்தப் பணம் புழங்கத் தொடங்கினால் ஆசிரியர் என்ற உறவு போய்விடும், சிறை விதிகளும் பெரும்பாலும் இடம் தருவதில்லை. கேட்கும் நிலை வரும்வரை காத்திருக்காமல், "என்னால் பணம் தர முடியாது, யாரிடம் போகலாம் என்று சொல்ல முடியும்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதானால் விடுதலையானவர்களுக்கு உதவும் அமைப்புகள், இலவசக் கடன் ஆலோசனை, சட்ட உதவி மையம் ஆகியவற்றின் எண்களை நீங்களே அழைத்து, எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பட்டியலைக் கொடுங்கள்.