ஒனேகினின் மேசை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ‘எவ்கேனி ஒனேகின்’ ஓபராவை (முழுக்கப் பாடியே நடிக்கும் இசைநாடகம்) இயக்குநர் திமித்ரி செர்னியகோவ் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்குக்காக இயக்கியதன் பதிவைப் பார்த்தேன். 2008-இல் பாரீஸில் எடுத்தது. வயலும் இல்லை, பனிக்காடும் இல்லை. எல்லாம் ஒரு பெரிய சாப்பாட்டு மேசையைச் சுற்றியே முடிந்துவிடுகிறது. ஒனேகினும் அவன் நண்பன் லென்ஸ்கியும் ஒற்றைக்கு ஒற்றை நின்று சுடும் காட்சிக்குப் பதில், வீட்டுக்குள் இழுபறியில் வேட்டைத் துப்பாக்கி வெடித்து லென்ஸ்கி சாகிறான். இப்படி மாற்ற இயக்குநருக்கு உரிமை உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபத்துக்குப் பெரிய துணை இருக்கிறது. 2006 செப்டம்பரில் மாஸ்கோவில் இது அரங்கேறியபோது பாடகி கலீனா விஷ்னெவ்ஸ்கயா கொதித்துப்போனார். தன் 80ஆவது பிறந்தநாளை போல்ஷோயில் கொண்டாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1982-இல் பாரீஸில் இதே ஓபராவின் நாயகி ததியானாவாகப் பாடித்தான் அவர் ஓபரா மேடையிடம் விடைபெற்றார். அவருக்கு வலிக்காமல் இருக்குமா?

ஆனாலும் மேசை விஷயத்தில் நான் செர்னியகோவ் பக்கம். சைக்கோவ்ஸ்கி இதை ஓபரா என்றுகூடச் சொல்லவில்லை, ‘கவித்துவக் காட்சிகள்’ என்றார். பெரிய அரங்கின் சம்பிரதாயத்துக்குப் பயந்து, 1879-இல் முதல் நிகழ்ச்சியை மாஸ்கோ இசைக்கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார். (சரி, உடைகள் கதையின் காலத்துக்குப் பொருந்த வேண்டும் என்றும் கேட்டார். அது உங்கள் பக்கம்.) அந்த மேசையில் எல்லோரும் சாப்பிட்டுச் சிரிக்கிறார்கள், ததியானாவை யாரும் கவனிப்பதில்லை. கடைசி அங்கத்தில் இன்னொரு மேசை, பணக்கார வீட்டில். அங்கே உட்கார இடம் தேடித் தடுமாறுகிறவன், முன்பு அவள் காதலை மறுத்த ஒனேகின். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

துப்பாக்கி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. சுடுவதற்கு முன் நண்பர்கள் இருவரும் பாடுவதைத் திரும்பக் கேளுங்கள். லென்ஸ்கி தொடங்குகிறான், அதே மெட்டை ஒனேகின் ஓரடி பின்னால் பிடிக்கிறான். இருவர் மனதிலும் ஒரே எண்ணம்: கை இரத்தமாவதற்குள் சிரித்துவிட்டு நண்பர்களாகவே பிரிந்தால் என்ன? ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடுவதில்லை. கடைசியில் மட்டும் குரல்கள் சேர்கின்றன, “இல்லை, இல்லை” என்று சொல்வதற்காக. நிறுத்த முடிந்தும் நிறுத்தவில்லை என்பதுதான் அங்கே துயரம். துப்பாக்கி தானாக வெடித்தது என்றால் ஒனேகின் தப்பித்துவிடுகிறான். சைக்கோவ்ஸ்கி அவனைத் தப்பவிடவில்லை.

பதிவில் அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாட்டு அப்படியே இருக்கிறது.