மலைமேல் மாமியார் வீடு, ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சீனாவின் குவாங்சோ நகரத்துத் துணிச்சந்தையைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: "என் மனைவியின் பூர்வீக வீடு குய்சோ மலையில் பூட்டிக் கிடக்கிறது." அடுத்த வரியிலேயே ஜிப் விலைக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

என் மாமனார் வீடு போடிக்கு மேலே மலையில் இருந்தது. போன வருஷம் விற்றோம். பத்திரம் முடிந்த அன்று என் மனைவி சாதாரணமாக இருந்தாள். நான்தான் இன்னும் அந்தத் திண்ணையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிறந்து வளர்ந்தவளுக்கு இல்லாத ஏக்கம் மருமகனுக்கு எதற்கு என்று வீட்டில் கிண்டல். உங்களுக்கும் இப்படி உண்டா? அந்த வீட்டை ஏன் விற்காமல் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? யூடியூபில் வருகிற சீன மலைக்கிராமங்கள் உண்மையிலேயே அப்படித்தானா? போய்ப் பார்க்க முடியுமா?

அன்புடன்,
எஸ்.
தேனி

அன்புள்ள எஸ்.,

நினைத்தவருக்கெல்லாம் விற்க முடியாது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதோடு சேர்ந்துதான் வரும்.

சீனாவில் கிராமத்து மனை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஊர்க் கூட்டமைப்புக்குச் சொந்தம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மனை, அதில் வீடு கட்டிக் குடியிருக்கலாம். மரமும் ஓடும் நம்முடையவை, கீழே இருக்கும் மண் ஊருடையது. நகரத்துக்காரர்கள் கிராமத்து வீட்டை வாங்கக் கூடாது என்று 1999லேயே தடை போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டு விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. என் மனைவி ஹுகோவ் என்கிற குடும்பப் பதிவை நகரத்துக்கு மாற்றிவிட்டாள். மைத்துனன் மாற்றவில்லை. குவாங்சோ இருக்கிற குவாங்டோங் மாகாணத்தில் வேலை பார்த்த வருஷங்களிலும் பதிவு ஊரில்தான் இருக்கும் என்று பிடிவாதமாக இருந்தான். பதிவை மாற்றிக்கொண்ட பிள்ளைகளும் வீட்டோடு சேர்த்து மனையைப் பயன்படுத்தும் உரிமையை வாரிசாகப் பெறலாம் என்று 2020ல் அரசு விளக்கம் கொடுத்தது. ஆனால் அது வீடு நிற்கிறவரைக்கும்தான். இடிந்து விழுந்தால் அவர்கள் அங்கே மறுபடி கட்டிக்கொள்ள முடியாது, மனை ஊருக்குத் திரும்பிவிடும்.

ஆக, என் மனைவிக்கு அந்த ஊரில் இருக்கிற உரிமை கூரையில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை யாராவது மேலே ஏறி ஓட்டைப் பிரித்து அடுக்க வேண்டும். மெல்லிய கருஞ்சாம்பல் ஓடுகள். ஒரு வரிசை மல்லாந்து, அடுத்த வரிசை கவிழ்ந்து, ஆணியோ சாந்தோ இல்லாமல் தன் எடையிலேயே கிடக்கும். காற்றும் பூனையும் பனியும் அவற்றை நகர்த்திக்கொண்டே இருக்கும். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் மைத்துனன் ஏறுவான். மாமியார் மூன்றாவது தளத்தில், நெல் சேமிக்கிற பரணில், அண்ணாந்து நிற்பார். எங்கே வெளிச்சம் பொட்டாகத் தெரிகிறதோ அங்கே நீண்ட மூங்கிலால் கீழிருந்து தட்டுவார். மேலே அவன் அந்த இடத்தைப் பிரித்து, உடைந்ததை வீசிவிட்டு, நல்லதை மறுபடி அடுக்குவான். நான் முற்றத்தில் நின்று கூடையில் ஓடு எடுத்துக் கொடுப்பேன். என்னை மேலே ஏற விடமாட்டார்கள். மருமகன் மரியாதை ஒரு காரணம், என் எடை இன்னொரு காரணம்.

சரி, வீட்டைச் சொல்கிறேன். குய்சோ மாகாணத்தின் தென்கிழக்கே லிபிங் மாவட்டம். மாகாணத்தில் 92.5 சதவீதம் மலையும் குன்றும். மூன்று நாள் சேர்ந்தாற்போல வெயில் கிடையாது, மூன்று லி தூரம் சமதரை கிடையாது, எவன் கையிலும் மூன்று காசு வெள்ளி கிடையாது என்று அந்த மாகாணத்தைப் பற்றி ஒரு பழைய வசை உண்டு. மனைவி வீட்டார் டோங் இனத்தவர், சீனாவின் சிறுபான்மை இனங்களில் ஒன்று. சரிவில் தூண் நட்டு மேலே எழுப்பிய மூன்று தள மரவீடு. கீழே பன்றிக் கொட்டிலும் விறகும் கலப்பையும். நடுத்தளத்தில் மனிதர்கள். மேலே நெல்லும் மிளகாயும். எல்லாம் ஷாமு என்று சொல்லும் ஊசியிலை மரம். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதில் செருகும் முனை. சட்டகம் முழுக்க இரும்பாணி இல்லை. நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்த 1980களின் தொடக்கத்தில் மனைவியின் தாத்தா கட்டியது. வரைபடம் கிடையாது. நெடுக்காகப் பிளந்த ஒரு மூங்கிலின் உட்புறத்தில் தச்சர் எல்லா அளவுகளையும் மையால் குறித்து வைத்திருக்கிறார். அந்த ஒற்றை மூங்கில்தான் முழு வீட்டுக்கும் திட்டம். அது இன்னும் பரணில் இருக்கிறது. குறிகளைப் படிக்கத் தெரிந்தவர் இப்போது வீட்டில் யாரும் இல்லை.

மோட்டுவளைக்கான மரம் தாத்தாவின் தாய்மாமன் வீட்டிலிருந்து வந்ததாம். சிவப்புத் துணி கட்டி, பட்டாசு வெடித்து, ஊர் கூடித் தூக்கி ஏற்றியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது நம் தாய்மாமன் சீர்தான் நினைவுக்கு வந்தது. மாமனாரிடம் அதை விளக்கினேன். "பின்னே, தாய்மாமன் இல்லாமல் எப்படி வீடு?" என்றார், உலகமெங்கும் அப்படித்தான் என்பதுபோல.

நான் முதலில் போனது 2014 சீனப் புத்தாண்டுக்கு. குய்சோவின் தலைநகர் குய்யாங்குக்கும் குவாங்சோவுக்கும் நடுவே 857 கிலோமீட்டர் அதிவேக ரயில் அந்த வருஷம் டிசம்பர் 26ல்தான் ஓடத் தொடங்கியது. ஆகவே படுக்கைப் பேருந்தில் ராத்திரி முழுக்க ஆடி, அப்புறம் வேன், அப்புறம் நடை. வெளிநாட்டுக்காரன் ஓட்டலில் தங்காமல் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். மாமனார் என்னை மோட்டார் சைக்கிளில் வைத்து மறுபடி மலையிறங்கினார். அங்கிருந்த இளைஞர் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "கிரிக்கெட் ஆடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். டீ கொடுத்தார்.

அன்றிரவு மாமியார் ஒரு மரத்தொட்டியைத் திறந்தார். வயலில் நெல்லோடு சேர்த்து வளர்த்த கெண்டை மீன். அறுவடைக்குத் தண்ணீரை வடிக்கும்போது பிடித்து, முதுகுப் பக்கமாகப் பிளந்து, உப்பு, மிளகாய், சிச்சுவான் மிளகு, வேகவைத்த ஒட்டரிசி எல்லாம் பூசி, அடுக்கடுக்காக வைத்து மேலே கல்லை ஏற்றிவிடுவார்கள். வருஷக்கணக்கில் இருக்கும். புளிப்பும் காரமும் மூக்கில் ஏறுகிற ஒரு நொதிப்பு வாசனையும். கணப்பைச் சுற்றிக் குட்டை முக்காலிகளில் உட்கார்ந்து, கையாலேயே பிட்டுச் சாப்பிட்டோம். இவ்வளவு தூரம் வந்து கையால் சாப்பிடக் கிடைத்ததே என்று நான் நெகிழ்ந்துபோனேன். மனைவி ஒரு துண்டு எடுத்தாள், அத்தோடு சரி.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தத் தொட்டியை விருந்தாளி வந்தால் திறப்பார்கள், கல்யாணம், சாவு என்றால் திறப்பார்கள். பிள்ளைகளுக்காகத் திறந்ததில்லை. பிள்ளைகளின் சாப்பாடு வேறு. என் மனைவி நடுநிலைப் பள்ளிக்கு மலையிறங்கிப் போய் அங்கேயே தங்கிப் படித்தவள். அப்பா, அம்மா குவாங்டோங்கின் டொங்குவான் நகரத்தில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இருந்தார்கள். பாட்டிதான் வளர்த்தார். ஞாயிறு மத்தியானம் ஒரு வாரத்துக்கான அரிசியையும் ஒரு பாட்டிலில் புளிக்கவைத்த கீரையையும் சுமந்துகொண்டு போவாள். அரிசியைக் களைந்து அலுமினிய டப்பாவில் போட்டு, பெயர் கீறி, பள்ளிச் சமையலறையின் பெரிய ஆவி அடுக்கில் வைக்க வேண்டும். வியாழக்கிழமை வாக்கில் கீரை தீர்ந்துவிடும். மிச்ச நாள் சோற்றில் உப்பு. அரசு கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 3 யுவான் என்று சத்துணவுத் திட்டம் தொடங்கியதே 2011ல்தான். அதற்குள் அவள் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டாள். புளித்த கீரை போட்ட எதையும் இன்றுவரை அவள் தொடுவதில்லை. நான் குவாங்சோவில் தேடிப்பிடித்து வாங்கிவந்து தின்பதைப் பார்த்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

வீட்டைப் பற்றிப் பேசினால் அவளுக்கு முதலில் வருவது தண்ணீர். ஊற்றிலிருந்து தோள்கம்பில் இரண்டு வாளி, நாளுக்குப் பலமுறை. அடுத்தது புகை. எனக்குக் கணப்பு, அவளுக்குக் கண் எரிச்சல். நான் போய்ச் சேர்ந்தபோது குழாய் வந்துவிட்டது, கரண்ட் வந்துவிட்டது, எனக்குத் தனிப் படுக்கை, புது ரஜாய். வேலை தீர்ந்த வீட்டுக்குத்தான் மருமகன் வருகிறான். உங்களுக்கும் அந்தத் திண்ணை உட்காரத்தானே கொடுத்தார்கள்? உங்கள் மனைவி அதைத் தினமும் மெழுகியிருப்பார். நான் ஏங்குவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளும் ஏங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

நாங்கள் போயிருந்த அதே சமயத்தில்தான், ஜனவரி 25 இரவு, வடக்கே ஜென்யுவான் மாவட்டத்தின் பாவ்ஜிங் என்ற டோங் கிராமம் எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. ஊர் கூடுகிற மரக் கோபுரமான முரசுக் கோபுரத்தின் கீழே நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்த கிழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசினார்கள். இந்த ஊர்களில் இரவில் ஒருவர் வெண்கலத் தட்டை அடித்துக்கொண்டு, "அடுப்பைப் பாருங்கள், நெருப்பைப் பாருங்கள்" என்று கூவியபடி சந்து சந்தாகப் போவது வழக்கம். அன்று அவர் இரண்டு சுற்று வந்தார். தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அந்த வட்டாரம் முழுக்க மின்கம்பி, தண்ணீர், அடுப்பு எல்லாவற்றையும் மாற்றுகிற வேலை மும்முரமாக நடந்தது. எங்கள் வீட்டிலும் கணப்பை மூடிவிட்டு, பின்னால் செங்கல் வைத்துத் தனிச் சமையலறை கட்டினார்கள். மனைவிக்குச் சந்தோஷம். ஆனால் மாமனார் இறந்து, மாமியார் மாவட்டத் தலைநகரில் மகனோடு போய்த் தங்கிய பிறகு, வீட்டுக்குள் காலையில் தரையில் மெல்லிய மஞ்சள் பொடி கிடக்கும். உத்தரத்தைப் பூச்சி துளைக்கிறது. புகை ஏறிக்கொண்டே இருந்தவரை பூச்சியும் அண்டவில்லை, ஈரமும் அண்டவில்லை என்கிறார் மாமியார். ஊரையே எரிக்கக்கூடிய அந்தக் கணப்புதான் இத்தனை காலம் மரத்தைக் காத்தும் வந்திருக்கிறது. இப்போது போகும்போதெல்லாம் சன்னல்களைத் திறந்துவைத்து, ஒரு தகர வாளியில் ஈர விறகைப் போட்டு வீடு முழுக்கப் புகை காட்டுகிறார். மைத்துனன் பக்கத்திலேயே தண்ணீர் வாளியோடு நிற்பான். மனைவி காரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

யூடியூப் விஷயம். பொய் என்று சொல்லமாட்டேன். படிக்கட்டு வயல், மூடுபனி, மூங்கில் கூடை எல்லாம் இருக்கின்றன. வருஷத்தில் பதினொரு மாதம் ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுவதில்லை. கிழவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். நடுவயது ஆட்கள் புத்தாண்டுக்கு வந்து, புத்தாண்டின் பதினைந்தாம் நாள் வருகிற விளக்குத் திருவிழா வரைகூடத் தங்காமல் போய்விடுவார்கள். எங்கள் ஊருக்கு மேலே ஒரு சின்னக் குடியிருப்பு இருந்தது. 2016க்கும் 2020க்கும் நடுவில் சீனா முழுக்கச் சுமார் 96 லட்சம் பேரை மலைகளிலிருந்து அடுக்குமாடிகளுக்கு மாற்றிய திட்டத்தில் அதுவும் போனது. புது வீடு வாங்கினால் பழைய வீட்டை இடித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே இப்போது வயல் வரப்புகூடத் தெரியவில்லை, புதர். போனவர்களில் ஒரு பாட்டியிடம் கேட்டேன், பழைய ஊர் ஞாபகம் வருகிறதா என்று. லிப்ட் நின்றுபோனால் ஞாபகம் வரும் என்றார்.

பெண் குழந்தை பிறந்தால் ஷாமு கன்று நட்டு, பதினெட்டு வயதில் கல்யாணத்துக்கு வெட்டுவது டோங் வழக்கம். என் மனைவிக்கும் நட்டார்கள். எங்கள் கல்யாணத்துக்கு மரத்துக்குத் தேவை வரவில்லை, நான் பிளாட் வாசி. பூச்சி அரித்த உத்தரத்தை மாற்ற அவற்றில் இரண்டை வெட்டலாமா என்று மைத்துனன் இந்த வருஷம் கேட்டான். "வெட்டிக்கொள், எனக்கெதற்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கீழ்க்கோடியில் இருக்கிறதை விட்டுவிட்டு" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போய்ப் பார்க்க முடியுமா என்றால், தாராளமாக. எங்கள் ஊருக்கு வேண்டாம், தங்க இடமில்லை, மாமியாரிடம் சாவி வாங்குவதற்குள் மூன்று வேளை சாப்பிட வேண்டியிருக்கும். குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து ட்சோங்ஜியாங்குக்கு அதிவேக ரயில் மூன்று, மூன்றரை மணி நேரம். அங்கிருந்து ஜாவ்சிங் பக்கம்தான். ஐந்து முரசுக் கோபுரங்கள் உள்ள பெரிய டோங் ஊர். சுற்றுலா ஊர்தான், கடைகள் அதிகம், ஆனால் கோபுரங்கள் அசல். மாலையில் டோங் குழுப்பாட்டு நடந்தால் விடாதீர்கள். வாத்தியமும் இல்லை, நடத்துனரும் இல்லை, குரல்கள் மட்டுமே. 2009ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. அக்டோபர் முதல் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது தேசிய விடுமுறை, நிற்க இடம் இருக்காது.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. நியூபியெ என்று ஒன்று வைப்பார்கள். மாட்டின் இரைப்பையில் பாதி செரித்த புல்லைப் பிழிந்து, கொதிக்கவைத்து, மசாலா சேர்த்த குழம்பு. கசக்கும், ஆனால் இரண்டாவது கரண்டியில் பழகிவிடும். சைவம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் முயன்று பார்த்தேன். "உள்ளே இருப்பது புல்தானே?" என்று மாமனார் கிண்ணத்தை நிரப்பிவிட்டார்.

அன்புடன்